குழந்தைகளோடு பாரிஸ்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். கணவரோடும் மகன், மகளோடும் இரண்டு முறை பாரிஸ் போய் வந்திருக்கிறேன். முதல் முறை மகளுக்கு 6 வயது, மகனுக்கு 10. அடுத்த முறை 9, 13. ஊர் திரும்பியதிலிருந்து என் மாணவர்களின் பெற்றோரும் உறவினர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன்.

பாரிஸ் என்றால் ஈபிள் கோபுரமும் சென்ட் பாட்டிலும்தானே டீச்சர்? குழந்தைகள் கற்றுக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது?

உங்கள் பிள்ளையின் பென்சில் பெட்டியில் இருக்கும் ஸ்கேல் பிறந்த ஊர் அது. மீட்டரும் கிலோகிராமும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அங்கே உருவானவை. பூமி சுழல்வதை 1851இல் ஃபூக்கோ ஓர் ஊசலைக் கட்டிக் காட்டியதும், 1896இல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டறிந்ததும், 1898இல் கியூரி தம்பதி பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்ததும் அந்த ஊரில்தான். பாடப்புத்தகத்தில் பெட்டிச் செய்தியாக வரும் பெயர்கள் அங்கே தெருப்பெயர்களாக, கல்லறைகளாக, கைபட்டுத் தேய்ந்த மேசைகளாக இருக்கின்றன.

ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்குள் போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். எங்கள் நூல் ‘அளத்தல்’. வரைவதில் விருப்பமுள்ள பிள்ளைக்கு அது நிறமாக இருக்கலாம். விலங்குப் பைத்தியமான பிள்ளைக்கு எலும்புகளாக இருக்கலாம். நூல் எதுவும் இல்லாமல் போனால், வரிசையில் நின்ற கால்வலிதான் குழந்தைக்கு மிஞ்சும்.

எத்தனை வயதில் கூட்டிப்போனால் பயன்?

பின்னால் நினைவு வைத்திருக்க வேண்டும் என்றால் 8 வயதுக்கு மேல். 10 முதல் 14 வரை மிக நல்ல பருவம். படித்ததும் பார்ப்பதும் அந்த வயதில்தான் ஒன்றோடொன்று சேர்கின்றன. 6 வயதில் போன என் மகளுக்கு இன்று நினைவிருப்பது லக்சம்பூர் தோட்டத்துக் குளத்தில் குச்சியால் தள்ளி விட்ட வாடகைப் பொம்மைப் படகு மட்டும்தான். அதுவும் வீண் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தால் படகு எந்தப் பக்கம் போகும் என்று ஒரு மணி நேரம் அங்கே தானாகவே கண்டுபிடித்தாள்.

எந்த மாதம் போகலாம்? பள்ளிக்கு விடுப்பு எடுப்பது தவறா?

நம் கோடை விடுமுறையான மே மாதம் அங்கே வசந்தம். குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. ஜூன் முதல் வாரத்திலும் போகலாம். அப்போது இரவு ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். சூரியன் ஏன் இன்னும் மறையவில்லை என்று பிள்ளை கேட்கும்போது அட்சரேகைப் பாடம் தானாகத் தொடங்கிவிடும். ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் பலர் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் சிறு கடைகள் நிறைய மூடியிருக்கும். ஆசிரியையாகச் சொல்கிறேன்: தேர்வு இல்லாத வாரத்தில் நான்கைந்து நாள் விடுப்பு எடுத்தால் குடி மூழ்காது. ஆனால் வகுப்பாசிரியரிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். ‘காய்ச்சல்’ என்று கடிதம் எழுதினால், பிள்ளை திரும்பி வந்து பார்த்ததை வகுப்பில் பேச முடியாமல் போய்விடும்.

குழந்தைகளுக்கும் தனி விசா வேண்டுமா?

வேண்டும். பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா கைக்குழந்தைக்குக்கூடத் தனியாக உண்டு. கட்டணம் 6 வயதுக்குள் கிடையாது. 6 முதல் 11 வரை குறைந்த கட்டணம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கைரேகைப் பதிவு இல்லை. ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு தேவை. பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் எழுத்து மூலமான ஒப்புதல் கேட்கப்படும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

எங்களுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. முதல் பயணத்தில் ஒரே நாளில் நான்கு இடங்களுக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். நான்காவது இடத்தின் வாசற்படியில் மகள் உட்கார்ந்து அழுதாள். அன்று நாங்கள் செய்தது தவறு. இரண்டாம் பயணத்தில் காலையில் ஒரே ஓர் இடம், மாலையில் ஒரு தோட்டம் அல்லது ஆற்றங்கரை என்று வைத்துக்கொண்டோம்.

மூடும் நாட்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். லூவ்ர் அருங்காட்சியகம், தாவரத் தோட்டத்தின் இயற்கை வரலாற்றுக் கூடங்கள், ஆசியக் கலை அருங்காட்சியகமான கிமே ஆகியவை செவ்வாயில் மூடியிருக்கும். ஓவிய அருங்காட்சியகமான ஓர்சே, அறிவியல் கருவிகளின் அருங்காட்சியகமான ஆர் எ மெத்தியே, லா வில்லெத் பகுதியின் அறிவியல் நகரம் ஆகியவை திங்களில் மூடியிருக்கும். நவீனக் கலைக்கான பொம்பிடு மையம் சீரமைப்புக்காக 2025இல் மூடப்பட்டது, 2030இல்தான் திறக்கும். லூவ்ர், ஓர்சே, நாட்டின் பெருமக்களை அடக்கம் செய்த பாந்தியோன் மண்டபம் ஆகிய மூன்றிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையானாலும்.

மீட்டர் பிறந்த ஊர் என்றீர்களே, அதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பார்க்கலாம், தொடலாம், காசு வேண்டாம். லக்சம்பூர் அரண்மனைக்கு எதிரே, வோஜிரார் தெருவில் 36ஆம் எண் கட்டடத்தின் வளைவு நடையில், சுவரில் மீட்டர் நீளத்தைக் காட்டும் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. புதிய அளவுக்கு மக்களைப் பழக்குவதற்காக 1796-97இல் நகரத்தில் 16 இடங்களில் இப்படிப் பதித்தார்கள். முதலில் வைத்த இடத்திலேயே இன்றும் இருப்பது இது ஒன்றுதான்.

வீட்டிலிருந்து தையல் இன்ச் டேப் ஒன்றை எடுத்துப் போயிருந்தோம். மகன் அதைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தான். சரியாக வந்ததும் அவன் முகத்தில் வந்த மகிழ்ச்சியை எந்த வகுப்பறையிலும் நான் கண்டதில்லை. பிறகு கேள்விகள் கொட்டின. இதற்கு முன் என்ன செய்தார்கள்? நம் ஊரில் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறியதைப் போல அங்கேயும் மாறின; ஏமாந்தவர்கள் எப்போதும் ஏழைகள். யாருடைய காலடியையும் யாருடைய முழத்தையும் சாராத ஓர் அளவு வேண்டும் என்று பூமியையே எடுத்துக்கொண்டார்கள். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையான தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் மீட்டர். அதற்காக தெலாம்ப்ர், மெஷன் என்ற வானியலாளர்கள் இருவரும் 1792 முதல் டன்கெர்க்கிலிருந்து பார்சலோனா வரை புரட்சிக்கும் போருக்கும் நடுவே அளந்துகொண்டே போனார்கள். 1799இல் கிடைத்த மீட்டர் உண்மையில் 0.2 மில்லிமீட்டர் குட்டை. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கும் அளவைக் கணக்கிட்டதில் பிழை. ‘விஞ்ஞானிகளும் தப்பு செய்வார்களா?’ என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே விமான டிக்கெட் எடுத்திருக்கலாம்.

அவர்கள் அளந்தது பாரிஸ் வழியாக வடக்கு தெற்காக ஓடும் தீர்க்கரேகையை. அது போகும் வழியில் இன்னொரு வேட்டையும் உண்டு. யான் டிபெட்ஸ் என்ற டச்சுக் கலைஞர் 1994இல் அரகோ என்ற விஞ்ஞானியின் நினைவாக 135 வெண்கல வில்லைகளை நகரத்துத் தரையில் பதித்தார். ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர் விட்டம். அரகோவின் பெயரும் வடக்கு, தெற்கு எழுத்துகளும் இருக்கும். சில காணாமல் போய்விட்டன. லக்சம்பூர் தோட்டத்திலும் லூவ்ரிலும் தேடிப் பாருங்கள். தலையைக் குனிந்து நடக்கச் சொன்னால் பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

ஊசல் ஆடுவதைப் பார்க்க பாந்தியோனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா? வீட்டிலேயே ஊசல் கட்டலாமே?

வீட்டில் கட்டும் ஊசல் சீக்கிரம் ஓய்ந்துவிடும். பாந்தியோனில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டு ஆடுகிறது. இப்போது ஆடுவது ஃபூக்கோவின் ஊசலுக்கு நகல். பழைய குண்டு ஆர் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊசல் ஆடும் திசை கீழே உள்ள வட்டத்தின் மேல் மெல்லத் திரும்பிக்கொண்டே போகும். உண்மையில் திரும்புவது நம் காலடியில் இருக்கும் தரை. இதை ஐந்து நிமிடத்தில் உணர முடியாது. வந்ததும் ஊசலின் இடத்தைக் குறித்துவிட்டு, கீழே நிலவறைக்குப் போய் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள். 11 பாகைக்குச் சற்று அதிகமாகத் திரும்பியிருக்கும்.

எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளையிடம் கணக்கையும் கொடுங்கள். மணிக்கு 15 பாகையை அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். பாரிஸில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணி நேரம். சென்னையில் அதே ஊசல் 106 மணி நேரம், அதாவது ஏறக்குறைய நான்கரை நாள் எடுத்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது.

அந்த நிலவறையில் மேரி கியூரி, வொல்தேர், விக்தர் ஹ்யூகோ, பார்வையற்றோருக்கு எழுத்து தந்த லூயி பிரெயில் ஆகியோர் துயில்கிறார்கள். தம் சாதனைக்காகவே இங்கே இடம்பெற்ற முதல் பெண் கியூரி, 1995இல் கொண்டுவந்தார்கள். அவர் சவப்பெட்டிக்குள் ஈயத் தகடு வைத்திருக்கிறார்கள் என்றதும் பிள்ளைகள் அசையாமல் நிற்பார்கள். பக்கத்துத் தெருக்களில்தான் அவர் வேலை செய்த ஆய்வகம் கியூரி அருங்காட்சியகமாக இருக்கிறது. மிகச் சிறியது, இலவசம், புதன் முதல் சனி வரை பிற்பகலில் மட்டும். அவர் மேசையை அரை மணியில் பார்த்துவிடலாம். தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

லூவ்ர் போய் மோனலிசாவைப் பார்க்காமல் வந்தால் ஊரில் சிரிப்பார்கள், அக்கா.

பார்த்துவிட்டு வாருங்கள். 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். கைபேசிகளுக்கு நடுவே அதைவிடச் சிறியதாகத் தெரியும். ஆனால் அதற்காகவே அரை நாளைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் நெடுநேரம் நின்ற இடங்கள் இரண்டு. ஒன்று, தரைக்கடியில் இருக்கும் பழைய கோட்டையின் அடிச்சுவரும் அகழியும். ‘இது முதலில் அரண்மனை இல்லை, கோட்டை’ என்பது அங்கேதான் புரிகிறது. மற்றொன்று பண்டைய பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டக்கல். 2.25 மீட்டர் உயரக் கருங்கல்லில் ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய சட்டங்கள். வீடு இடிந்து உரிமையாளர் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்று அதில் இருக்கிறது. ‘இது நியாயமா?’ என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அண்ணனும் தங்கையும் வழக்கறிஞர்களாகிவிடுவார்கள்.

2026 ஜனவரி முதல் ஐரோப்பியர் அல்லாத பெரியவர்களுக்கு லூவ்ர் டிக்கெட் 32 யூரோ. நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். புதன், வெள்ளியில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். மாலை நேரத்தில் நெரிசல் குறையும்.

அருங்காட்சியகம் என்றாலே என் பையன் பத்து நிமிடத்தில் ‘போகலாம்மா’ என்பான். என்ன செய்ய?

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேசாதே, தொடாதே, ஓடாதே என்று சொல்லும் இடத்தில் எந்தக் குழந்தை தங்கும்? எலும்புக்கூடத்தில் தொடங்குங்கள். தாவரத் தோட்டத்தில் 1898இல் திறந்த அந்த நீண்ட கூடத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே திசையை நோக்கி ஊர்வலம் போவதுபோல் நிற்கின்றன. வௌவாலின் இறக்கையிலும் திமிங்கிலத்தின் துடுப்பிலும் தன் கைவிரல் எலும்புகளைத் தேடச் சொல்லுங்கள். பரிணாமம் என்ற சொல்லை நீங்கள் உச்சரிக்கவே வேண்டாம்.

அதே தோட்டத்தின் பரிணாமக் கூடத்தில் ஒரு காண்டாமிருகம் இருக்கிறது. பதினைந்தாம் லூயி மன்னருக்காக வங்காளத்தின் சந்தர்நாகூரிலிருந்து கப்பலில் போய் 1770இல் வெர்சாய் அரண்மனைக்கு வந்து சேர்ந்த இந்தியக் காண்டாமிருகம் அது. நம் நாட்டிலிருந்து அவ்வளவு தூரம் தனியாக வந்ததே என்று என் மகள் அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஈபிள் கோபுரத்தில் ஏற வேண்டுமா, கீழிருந்து பார்த்தால் போதுமா?

கால் வலுவுள்ள பிள்ளைகளானால் படியேறுங்கள். இரண்டாம் தளம் வரை 674 படிகள், டிக்கெட்டும் மலிவு. ஆனால் ஏறுவதற்கு முன் கீழே நின்று முதல் தளத்து விளிம்பைப் பாருங்கள். 72 விஞ்ஞானிகள், பொறியாளர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ட்ரொக்கதேரோ சதுக்கத்தை நோக்கிய பக்கத்தில் ஆம்பியர், லவாய்சியர். வேறு பக்கங்களில் கூலும், ஃபூக்கோ, மீட்டரை அளந்த தெலாம்ப்ர். மின்னோட்டத்தின் அலகு ஒரு மனிதரின் பெயர் என்று என் மகனுக்கு அங்கேதான் உறைத்தது. 1889இல் பொறித்த அந்தப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை என்பதை மகள்களிடம் சொல்லுங்கள், மகன்களிடமும்.

ஒருத்திக்கு 6, ஒருவனுக்கு 13. இருவருக்கும் ஒரே இடம் எப்படிப் பொருந்தும்?

ஒரு நாள் பிரிந்து போங்கள். பெரியவன் ஒருவரோடு ஆர் எ மெத்தியேவுக்குப் போகட்டும். பாஸ்கலின் கணக்கு இயந்திரம், லவாய்சியரின் ஆய்வகக் கருவிகள், 1909இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ப்ளேரியோவின் விமானம் எல்லாம் அங்கே இருக்கின்றன. 11ஆம் எண் மெட்ரோவில் போனால் நிலையமே செம்புத் தகடு போர்த்திய நீர்மூழ்கிக் கப்பல்போல இருக்கும். சிறியவள் மற்றவரோடு லா வில்லெத் அறிவியல் நகரத்துக்குள் இருக்கும் ‘குழந்தைகள் நகரம்’ பகுதிக்குப் போகட்டும். அங்கே எல்லாவற்றையும் தொடலாம். நேரம் ஒதுக்கித்தான் விடுவார்கள் என்பதால் முன்பதிவு கட்டாயம். இரவில் இருவரும் பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்வது இன்னொரு பாடம்.

நாங்கள் சைவம். குழந்தைகள் சோறு கேட்பார்களே?

கவலையே வேண்டாம். வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, இடியப்பம், சோறு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். பெயர்ப்பலகைகளே தமிழில் இருக்கும். அருகில் மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பாதீர்கள். போர் துரத்த வந்து, புதிய மொழி கற்று, கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் தெரு அது. ‘இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள்?’ என்று பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

மற்ற வேளைகளில் பேக்கரி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழமும் போதும். தண்ணீர் வாங்காதீர்கள், 1872 முதல் இருக்கும் பச்சை நிற வாலஸ் நீரூற்றுகளில் குடிநீர் இலவசம்.

தள்ளுவண்டியோடு மெட்ரோவில் போக முடியுமா?

கடினம். மெட்ரோ 1900இல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் படிகள்தான். 14ஆம் எண் தடத்தில் மட்டும் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. பஸ்ஸில் போங்கள், ஊரையும் பார்க்கலாம். 4 வயதுக்குள் இலவசம், 10 வயதுக்குள் பாதிக் கட்டணம். ஒவ்வொருவருக்கும் ‘நாவிகோ’ என்ற தனிப் பயண அட்டை வேண்டும். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

அங்கே ஆடையில்லாத சிலைகளும் ஓவியங்களும் நிறைய இருக்குமாமே. பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது?

நம் கோயில் தூண்களை எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான். நீங்கள் கண்ணை மறைத்தால் அது தவறான பொருளாகிவிடும். கல்லில் தசையும் நரம்பும் எப்படி வந்திருக்கின்றன என்று நீங்களே முதலில் பேசிவிடுங்கள். சிறியவர்கள் சிரிப்பார்கள்; சிரிக்கட்டும்.

கில்லட்டின், தலையை வெட்டியது எல்லாம் குழந்தைகளிடம் சொல்லலாமா?

10 வயதுக்கு மேல் சொல்லலாம், ஒரு மனிதரின் கதையாக. நான் லவாய்சியரைத் தேர்ந்தெடுத்தேன். மேலே சொன்ன கோபுரத்தில் பெயர், ஆர் எ மெத்தியேவில் கருவிகள், புதிய அளவு முறைக்கான குழுவிலும் பங்கு. அவரே மன்னராட்சியில் வரி வசூல் குத்தகை நிறுவனத்தின் பங்காளியும்கூட. அதற்காக 1794 மே 8 அன்று இன்றைய கொன்கோர்த் சதுக்கத்தில் தலை துண்டிக்கப்பட்டார். நல்லவரா கெட்டவரா என்று மகன் கேட்டபோது என்னிடம் ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை என்றேன். இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினான்.

கிமே அருங்காட்சியகத்தில் நம் நடராஜர் இருக்கிறாராமே. திருடிக்கொண்டு போனதைப் போய் ரசிக்க வேண்டுமா?

போக வேண்டும், அந்தக் கேள்வியோடு. ட்ரொக்கதேரோவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் கிமேயில் சோழர் கால நடராஜர் செப்புத் திருமேனி இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறது. விற்றதும் உண்டு, பரிசளித்ததும் உண்டு, பறித்ததும் உண்டு. எல்லாவற்றையும் திருட்டு என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொடுப்பது சரியில்லை. எதையும் கேட்காமல் ரசிப்பதும் சரியில்லை. நெப்போலியன் மற்ற நாடுகளிலிருந்து லூவ்ருக்கு அள்ளி வந்தவற்றில் பலவற்றை 1815இல் திருப்பித் தர வேண்டியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய தஹோமி அரசிலிருந்து எடுத்த 26 பொருள்களை பிரான்ஸ் 2021இல் பெனின் நாட்டுக்குத் திருப்பித் தந்தது. ‘இது எப்படி இங்கே வந்தது?’ என்று விளக்க அட்டையில் தேடப் பழக்குங்கள். எங்கள் மகள் அந்த நடராஜர் முன் கைகூப்பினாள். சுற்றி நின்றவர்களின் பேச்சு அப்படியே தணிந்தது.

டிஸ்னிலாண்டைக் கேட்டு அடம் பிடிக்கிறார்களே?

கடைசி நாளுக்கு முந்தைய நாள் போங்கள். நடுவில் வைத்தால் மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

இவ்வளவு செலவு எங்களால் முடியாது. போகாமலே இதில் எதையாவது செய்யலாமா?

செய்யலாம். என் மாணவர்களில் பெரும்பாலோர் பாரிஸ் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். ஒரு சட்டத்தில் சிறு ஊசலைத் தொங்கவிட்டு, அதைச் சுழல் நாற்காலியில் வைத்து ஆட்டுங்கள். நாற்காலியை மெதுவாகத் திருப்பினால் ஊசல் பழைய திசையிலேயே ஆடும். ஃபூக்கோ காட்டியது அதைத்தான். தாத்தா பாட்டியிடம் அணாவும் படியும் எப்படி இருந்தன, 1957இல் நயா பைசா வந்தபோது கடையில் என்ன குழப்பம் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

சென்னையில் இருந்தால் ஒரு ஞாயிறு காலை பரங்கிமலை ஏறுங்கள். தெலாம்ப்ரும் மெஷனும் அளந்த கோட்டிலிருந்து மீட்டர் கிடைத்த மூன்றே ஆண்டுகளில், 1802இல், லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் அங்கே தன் அளவையைத் தொடங்கினார். எஃகுச் சங்கிலியைப் போட்டுப் போட்டு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நேர்க்கோடு ஒன்றை அளந்தார்கள். பிற்பாடு இமயமலையின் உயரம் வரை போன கணக்கு அந்தக் கோட்டிலிருந்து தொடங்கியது. இன்ச் டேப்பை மறக்காமல் எடுத்துப் போங்கள். மலைப்படி ஒன்றின் உயரத்தை அளந்து, படிகளை எண்ணிப் பெருக்கினால் ஏறிய உயரத்தைப் பிள்ளையே சொல்லிவிடும்.